வலதுபக்க ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டுக்கு வெல்டிங் வைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இருசக்கர வாகனப் பட்டறைகளுக்கு வரும் வேலையே மாறிவிடும். செயின், பிரேக் ஷூ என்று வந்த வண்டிகளுக்கு நடுவே, சேற்றில் வழுக்கி ஒருபக்கமாகச் சாய்ந்த வண்டிகள் வரத் தொடங்கும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய தெரு, வேகம் இருபதைத் தாண்டியிருக்காது, ஓட்டியவருக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிருக்கும். வண்டியில் கண்ணாடி, இண்டிகேட்டர், லீவர் மூன்றும் உடைந்திருக்கும். கூடவே ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டும் முறிந்திருக்கும். முதல் மூன்றையும் யாரும் யோசிக்காமல் மாற்றிவிடுகிறார்கள். நான்காவதுக்கு மட்டும், "ஒரு வெல்டிங் வெச்சுக் குடுத்துருங்கண்ணே" என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தக் கடிதம் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

கால் வைக்கும் கட்டை ஃபுட்ரெஸ்ட். அதைத் தாங்கி ஃபிரேமோடு பிணைப்பது பிராக்கெட். 100, 110 சிசி வண்டிகள் பலவற்றில் ஓட்டுபவரின் இரண்டு ஃபுட்ரெஸ்டும் என்ஜினுக்கு அடியில் குறுக்கே ஓடும் ஒரே இரும்புக் குழாயில் இருக்கும். விழுந்தால் இது வளையும், உடைவது அபூர்வம். 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் வார்ப்பு அலுமினிய பிராக்கெட்தான். அது வளையாது, முறியும். இரண்டுக்கும் மேலே ஒரே கறுப்பு பெயிண்ட் அடித்திருப்பதால் கண்ணால் பார்த்து ஏமாறுவது சுலபம். ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த வார்ப்பு, உருகிய அலுமினியத்தை மிகுந்த அழுத்தத்தில் அச்சுக்குள் பீய்ச்சிச் செய்யப்படுவது. அச்சு நன்றாக நிரம்ப வேண்டும் என்பதற்காக அந்தக் கலவையில் சிலிக்கான் சுமார் பத்து சதவீதம் இருக்கும். அதனால் மெல்லிய, சிக்கலான உருவங்களைக்கூட வார்க்கலாம். ஆனால் வளைந்து கொடுக்கும் குணம் போய்விடும். பீய்ச்சும்போது சிக்கிய காற்றும் உள்ளே நுண்ணிய குமிழ்களாகத் தங்கிவிடும். இதை மட்டமான பொருள் என்று திட்ட வேண்டியதில்லை. விழும்போது பிராக்கெட் முறிந்துவிட்டால் அடி அதோடு நிற்கும். அது முறியாமல் நின்றால் அந்த விசை ஃபிரேமில் பற்றவைத்த காதுக்கு, அதாவது பிராக்கெட்டின் போல்ட் ஏறும் துண்டுக்குப் போகும். சேசிஸ் எண் பொறித்த ஃபிரேமை மாற்றுவதென்றால் பட்டறையோடு முடியாது, ஆர்.டி.ஓ. அலுவலகம் வரை அலைய வேண்டும்.

பிராக்கெட் தாங்கும் சுமையைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பின்னால் ஏறுபவர் ஒற்றைக் காலை ஃபுட்ரெஸ்டில் ஊன்றி எழும்பும் அந்த நொடியில் அவருடைய முழு எடையும் ஒரே பிராக்கெட்டில் இறங்குகிறது. 60 கிலோ எடை, பிராக்கெட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழுமாக 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு போல்ட் இருந்தால், மேல் போல்ட்டின் மீது விழும் இழுவை சுமார் 120 கிலோ. இது வண்டி நிற்கும்போது உள்ள கணக்கு. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இது பல மடங்காகும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. புடவை கட்டியவர்கள் ஒருபக்கமாக உட்காரும்போது இரண்டு காலும் இடதுபக்கத்தில்தான். சேலை கார்டின் ஒரு முனையும் பல வண்டிகளில் அதே பின் பிராக்கெட்டின் போல்ட்டில்தான் மாட்டியிருக்கும். விழாமலேயே இடது பின் பிராக்கெட் விரிசல் விட்டு வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். பால் கேனையும் கேஸ் சிலிண்டரையும் ஃபுட்ரெஸ்டில் முட்டுக்கொடுத்து ஏற்றிச் செல்லும் வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இடதுபக்கம் உடைந்தால் காலுக்கு இடமில்லை, அவ்வளவுதான். வலதுபக்கக் கதையே வேறு. பின் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக் பெடலின் அச்சு, பிரேக் எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர், பிரேக் லைட் சுவிட்ச் மூன்றும் பெரும்பாலும் வலது முன் பிராக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சைலன்சரைத் தாங்கும் போல்ட்டும் பல வண்டிகளில் வலது பின் பிராக்கெட் வழியாகத்தான் போகிறது. அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது, மிதிக்கும் விசை முழுவதையும் எதிர்த்து நிற்க வேண்டியது அந்தப் பிராக்கெட்தான். வெல்டிங் விட்டுப்போக வேண்டும் என்றால் அது விட்டுப்போகும் நேரம் அந்த நேரமாகத்தான் இருக்கும். ஆகவே பெடலும் மாஸ்டர் சிலிண்டரும் ஏறியிருக்கும் வலது முன் அலுமினிய பிராக்கெட்டுக்கு எந்த வெல்டிங்கும் வேண்டாம். புதிது கிடைக்கும் வண்டி என்றால் புதிது, கிடைக்காவிட்டால் விரிசல் இல்லாத பழையது.

கழற்றுவதற்கு முன்னால் உடைந்த முகத்தை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். முகம் முழுவதும் சர்க்கரைக் கட்டியை உடைத்தது போலப் பளபளவென்று இருந்தால் இன்று விழுந்ததில் உடைந்தது. ஒரு ஓரம் கறுத்து, அழுக்கும் எண்ணெயும் ஏறி, மீதி மட்டும் வெள்ளையாக இருந்தால் அந்தக் கறுத்த பகுதி பல மாதங்களாக இருந்த விரிசல். அப்படியென்றால் பிராக்கெட்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதே இடத்தில் விரியும். ஏதோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது ஃபிரேமின் காது வளைந்திருக்கிறது, அல்லது சைலன்சர் சரியாக உட்காராமல் பிராக்கெட்டை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. சைலன்சரின் முன்பக்கம், அதாவது என்ஜினோடு சேரும் இடத்தில் நட்டு தளர்ந்து ஆடினால், அந்த ஆட்டம் முழுவதையும் பின் பிராக்கெட்தான் வாங்கிக்கொள்ளும்.

இனி மாற்றும் வேலை. சைலன்சர் ஆறிய பிறகு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தித் தொடங்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கழற்றும் முன் செல்போனில் நான்கைந்து கோணங்களில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பெடல் ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்பது பிறகு நிச்சயம் மறந்துபோகும். வலது பின் பிராக்கெட்டில் சைலன்சர் போல்ட்டை எடுப்பதற்கு முன் சைலன்சரை ஒரு கம்பியாலோ கயிற்றாலோ கேரியரில் கட்டித் தூக்கிவிட வேண்டும். தொங்கவிட்டால் அதன் எடை முழுவதும் முன்னால் சிலிண்டர் ஹெட்டில் உள்ள இரண்டு சின்ன ஸ்டட்டுகளுக்குப் போய்விடும்.

வலது முன் பிராக்கெட்டில் முதலில் பிரேக் லைட் சுவிட்ச் ஸ்பிரிங், பிறகு பெடல் ரிட்டர்ன் ஸ்பிரிங், அடுத்து பெடலையும் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகோலையும் இணைக்கும் ஊசி (பின்) என்ற வரிசையில் கழற்ற வேண்டும். தள்ளுகோலின் நீளத்தைக் காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மாஸ்டர் சிலிண்டரை பிராக்கெட்டிலிருந்து இரண்டு போல்ட்டில் பிரித்து, நிமிர்ந்த நிலையிலேயே ஃபிரேமில் கம்பி கட்டி நிறுத்தலாம். பிரேக் ஹோஸைத் திறக்கத் தேவையே இல்லை. பலரும் அவசரத்தில் அந்த ஹோஸ் போல்ட்டைத் திறந்துவிட்டு, பிறகு காற்று புகுந்த பிரேக்கோடு அரை நாள் போராடுகிறார்கள். தவறித் திறந்துவிட்டால் பழைய செம்பு வாஷர்களைத் திரும்பப் போடக் கூடாது, இரண்டும் புதிதாக வேண்டும். மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 எண்ணெயையே ஊற்றி, காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். அந்த எண்ணெய் பெயிண்ட் மீது பட்டால் உரித்துவிடும். பட்டவுடன் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இடதுபக்கத்தில் கியர் லீவர் இணைப்புக் கோல் இருந்தால், கழற்றும் முன் ஷாஃப்ட்டிலும் அதில் ஏறும் இணைப்புக் கையிலும் பஞ்ச் கருவியால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் மாறினால் லீவர் கால் விரலுக்கு எட்டாமல் போகும். அந்தக் கோலின் இரண்டு முனை நட்டுகளில் ஒன்று பல வண்டிகளில் எதிர்மரை, அதாவது எதிர்த்திசையில் திருக வேண்டியது. சுழலாத நட்டைப் பலங்கொண்டு திருகுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

புதிய பிராக்கெட்டை மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்ற வேண்டும். கையால் ஏறவில்லை என்றால் துளை ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். ஸ்பேனரைப் போட்டு இழுத்துச் சேர்த்தால் சேரும். ஆனால் அந்த இழுவை பிராக்கெட்டுக்குள் நிரந்தரமாகத் தங்கி, ஆறு மாதத்தில் விரிசலாக வெளியே வரும். விழுந்த வண்டியில் ஃபிரேமின் காது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே போயிருப்பது சகஜம். காதைச் சரிசெய்த பிறகுதான் பிராக்கெட்.

இறுக்கும் அளவு, வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் எண்தான். அது கையில் இல்லாவிட்டால், 8.8 தரமுள்ள எம்8 (8 மி.மீ. விட்டம்) போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், எம்10 போல்ட்டுக்கு 40 முதல் 45. மரை அலுமினியத்தில் வெட்டப்பட்டிருந்தால் இதைவிடச் சற்றுக் குறைவாக வையுங்கள். நீல நிற மரைப் பசை இரண்டு சொட்டு போதும். கடலோர ஊர்களில், அதாவது ராமேஸ்வரம், நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கம், இரும்பு போல்ட்டும் அலுமினியமும் சேரும் இடத்தில் வெள்ளைத் தூள் பூத்து இரண்டும் ஒன்றாகிவிடும். அங்கே போல்ட்டின் தண்டுப் பகுதியில் லேசாக கிரீஸ் தடவி, மரைக்கு மட்டும் பசை வைப்பது நல்லது. கிரீஸையும் பசையையும் ஒரே மரையில் போட்டால் பசை பிடிக்காது.

போல்ட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பிராக்கெட்டை வாங்கி மட்டமான போல்ட்டைப் போடுவது அன்றாடம் நடக்கிறது. நம் வண்டிகளின் எம்8 போல்ட்டுக்குத் தலை பெரும்பாலும் 12 மி.மீ. ஸ்பேனர் அளவு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்8 போல்ட்டுக்குத் தலை 13. "13ஆம் நம்பர் ஸ்பேனர் போல்ட்" ஃபுட்ரெஸ்டில் தெரிந்தால் யாரோ ஏற்கெனவே கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் அதன் இழுவைத் தாங்குதிறன் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். 4.6 தர போல்ட்டுக்கு அது 400தான். எண்ணே இல்லாத போல்ட்டை 4.6 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் கடைகளில் அதிகம் கிடைக்கும் ஏ2-70 தரம் 8.8 அளவுக்கு வலிமை கொண்டது அல்ல, அலுமினியத்தோடு சேர்ந்தால் அரிப்பையும் கூட்டும்.

விழுந்த வேகத்தில் போல்ட்டே முறிந்து, பாதி ஃபிரேமின் காதுக்குள் மாட்டிக்கொண்டிருந்தால் பொறுமை வேண்டும். நடுவில் சரியாக பஞ்ச் வைத்து 4 மி.மீ. துளை போட்டு, எதிர்மரை எடுப்பானை வைத்துத் திருப்புவது வழக்கமான முறை. அந்த எடுப்பான் கடினமான எஃகு; உள்ளேயே உடைந்தால் சாதாரண டிரில் அதை வெட்டாது, வேலை பத்து மடங்காகும். அதைவிட நல்ல வழி, முறிந்த தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக உள்ளே வெல்டிங் நிரப்புவது. அந்தச் சூட்டில் துரு விட்டுக்கொடுக்கும். செக்கச் சிவப்பு அடங்கிய பிறகு ஸ்பேனரால் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். மரையும் சேர்ந்து போயிருந்தால் 8.3 அல்லது 8.4 மி.மீ. துளை போட்டு, ஹெலிகாயில் என்ற சுருள் மரையைப் பதிக்கலாம். எம்8-க்கு 12 மி.மீ. நீளச் சுருள் சரியாக இருக்கும். பெரிய டேப் போட்டு எம்10 ஆக்கிவிடுவது சுலபம், ஆனால் காதின் சுவர் மெலிந்துபோகும். அடுத்த முறை விழும்போது போல்ட் நிற்கும், காது பிய்யும்.

இரும்பு பிராக்கெட்டுக்கு வெல்டிங் தாராளமாக வைக்கலாம், முறையாக வைத்தால். முதலில் வளைந்த குழாயை வண்டியிலேயே வைத்து, நீளக் குழாயைச் செருகி நெம்பும் பழக்கத்தை விட வேண்டும். நெம்பும் விசை நேராக அந்தக் குழாயை என்ஜினுக்கு அடியில் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்குப் போய் அடிமரையைக் கெடுக்கும். கழற்றி வைஸில் பிடித்து நிமிர்த்துவதற்குக் கூடுதலாகப் பதினைந்து நிமிடம்தான் ஆகும். விரிசல் இருந்தால் அதன் முனையைக் கண்டுபிடித்து அங்கே 3 மி.மீ. துளை ஒன்று போட வேண்டும். இல்லாவிட்டால் வெல்டிங்கைத் தாண்டி விரிசல் மேலும் ஓடும். முனை கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மண்ணெண்ணெய் தடவி நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தேய்த்தால் சிறிது நேரத்தில் விரிசலிலிருந்து கசியும் எண்ணெய் கோடு போட்டுக் காட்டும். நம் பெரியவர்கள் செய்த முறைதான் இது; இப்போது சிவப்பு மையும் வெள்ளைப் பூச்சும் ஸ்பிரே டப்பாக்களாகவே கிடைக்கின்றன.

பிறகு விரிசலை வி வடிவில் தோண்டி, பெயிண்டையும் குரோமையும் நாகப் பூச்சையும் சுற்றி ஒரு அங்குலத்துக்கு அரைத்து எடுக்க வேண்டும். நாகப் பூச்சின் மீது வெல்டிங் வைத்தால் எழும் வெள்ளைப் புகை இரவில் காய்ச்சலைக் கொண்டுவரும். சிஓ2 வெல்டிங் என்றால் 0.8 மி.மீ. கம்பி, சாதாரண ஆர்க் என்றால் 2.5 மி.மீ. 6013 ராடு, 60 முதல் 90 ஆம்பியர். உள்பக்கமாக 3 மி.மீ. தகட்டில் ஒரு முக்கோணம் வெட்டி முட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது. வைத்தவுடன் தண்ணீரில் முக்கக் கூடாது, தானாக ஆறட்டும்.

கழற்ற முடியாமல் வண்டியிலேயே வெல்டிங் வைக்கும் நிலை வந்தால், பேட்டரி இணைப்பைப் பிரிக்காமல் ராடைத் தொடக் கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகள் பெரும்பாலானவற்றில் எரிபொருளைக் கட்டுப்படுத்துவது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதன் சாக்கெட்டையும் ஏ.பி.எஸ். சாக்கெட்டையும் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வைத்துவிட வேண்டும். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். வசதியாக இருக்கிறது என்று பின் சக்கரத்தில் மாட்டினால் மின்சாரம் சக்கர பேரிங் வழியாகத்தான் பாயும். குண்டுகளில் பொறிபட்டுப் புள்ளி விழுந்து, ஒரு மாதம் கழித்து பேரிங் இரைச்சல் கேட்கும். அதற்கும் இந்த வேலைக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

அலுமினியத்துக்கு வருவோம். இடதுபக்கம், பிரேக் சம்பந்தமில்லாத இடம், போல்ட் துளைகளிலிருந்து தள்ளிய விரிசல், புதிய பாகம் கிடைக்காத வண்டி. இந்த நான்கும் ஒன்றாக இருந்தால் மட்டும் ஆர்கான் வெல்டிங்கை யோசிக்கலாம். அதுவும் ஏ.சி. மின்சாரத்தில் வெல்டிங் வைக்கும் டிக் (ஆர்கான் வெல்டிங்) இயந்திரம் வைத்திருப்பவரிடம்தான். அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு தோல் இருக்கும். அது உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். அடியில் இருக்கும் சுத்த அலுமினியமோ 660 டிகிரியில் உருகும், வார்ப்புக் கலவை அதற்கும் கீழேயே உருகத் தொடங்கும். தோலை உடைக்காமல் சூடேற்றினால் மேலே ஒன்றும் ஆகாதது போலிருக்கும், உள்ளே பொலபொலவென்று கொட்டிவிடும். ஏ.சி. மின்சாரம் மாறி மாறிப் பாயும்போதுதான் அந்தத் தோல் உரிகிறது.

நிரப்பும் கம்பி 4043 அல்லது 4047 ஆக இருக்க வேண்டும். இரண்டிலும் சிலிக்கான் உண்டு, வார்ப்போடு சேரும். மெக்னீசியம் கலந்த 5356 கம்பி தகடுகளுக்கு நல்லது, இந்த வார்ப்புக்கு ஆகாது. ஆறும்போதே ஓரத்தில் விரியும். எண்ணெயை அசிட்டோன் வைத்துத் துடைத்து, அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருக்கும் ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் கழுவிவிட்டு ஆர்கான் வைக்கவே கூடாது. அந்த ஈரம் ஆர்க் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். பிராக்கெட்டின் துளைகளுக்கு ஏற்றபடி ஒரு தடித்த இரும்புத் தகட்டில் துளை போட்டு, அதில் போல்ட் போட்டு இறுக்கியபடிதான் வெல்டிங் வைக்க வேண்டும். சும்மா கல்லின் மேல் வைத்துச் செய்தால் துளைகள் நகர்ந்துவிடும். வைக்கும்போது கறுப்புப் புள்ளிகளும் குமிழ்களும் கொதித்து மேலே வந்தால், வார்ப்புக்குள் இருந்த காற்று வெளியேறுகிறது. அரைத்து எடுத்து மறுபடி நிரப்ப வேண்டும். மூன்று முறை அரைத்தும் கொதிப்பு நிற்கவில்லை என்றால் அந்தத் துண்டைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடலாம். வேலை முடிந்து மாட்டியதும், பின்னால் யாரையும் ஏற்றுவதற்கு முன், ஒருவர் முழு எடையையும் அதன் மேல் வைத்து நாலைந்து முறை அழுத்திப் பார்த்து, சிவப்பு மை சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். இரண்டு டியூப் கலந்து பூசும் பசையைப் பற்றி எழுதி உங்கள் இடத்தை வீணாக்க விரும்பவில்லை. அது ஓட்டையை அடைக்கும், எடையைத் தாங்காது.

உற்பத்தி நின்றுபோன ராஜ்தூத், பழைய எஸ்டி, ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் உடைந்த துண்டை ஒட்டி, அதையே மாதிரியாகக் கொடுத்து மண் வார்ப்பில் புதிதாக ஊற்றித் தரச் சொல்வதுண்டு. ஊற்றித் தருவார்கள். ஆனால் அலுமினியம் ஆறும்போது சுமார் 1.3 சதவீதம் சுருங்கும். துளைக்குத் துளை 150 மி.மீ. இருந்த பாகம் 148 ஆக வெளியே வரும், போல்ட் ஏறாது. துளைகளை வார்ப்பில் எடுக்காமல், கெட்டியாக ஊற்றச் சொல்லி, பிறகு ஃபிரேமை அளந்து லேத் பட்டறையில் புதிதாகப் போட வேண்டும். இதற்குப் பதில் 6 மி.மீ. இரும்புத் தகட்டை அட்டை மாதிரி வைத்து வெட்டிச் செய்வது மலிவு, நம்பகமும்கூட. எடை கூடும், பழைய வண்டிக்கு அது ஒரு பொருட்டல்ல.

பழைய பாகம் வாங்கச் சென்னை புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு காந்தமும், ஒரு சிறிய கண்ணாடித் துண்டும் கொண்டுபோவது நல்லது. போல்ட் உட்காரும் முகங்களைக் கண்ணாடி மேல் வைத்தால் ஆடக் கூடாது. ஆடினால் அது ஏற்கெனவே ஒருமுறை விழுந்து எழுந்த பாகம். புதிதாக வாங்கினால் பாகத்தின் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். போலிகளை ஓரங்களில் அரைக்காத பிசிறு, சாயம் ஒட்டிய துளை, எடைக் குறைவு ஆகியவற்றை வைத்துக் கண்டுபிடிக்கலாம். டிரம் பிரேக்குக்கும் டிஸ்க் பிரேக்குக்கும் வலது பிராக்கெட் வேறு வேறு என்பதையும் கடைக்காரரிடம் சொல்லிக் கேட்க வேண்டும்.

பட்டறைகளில் செய்யும் இன்னொரு "கைவைத்தியம்" இதைவிட ஆபத்து. ஓட்டுபவரின் ஃபுட்ரெஸ்ட் பல வண்டிகளில் மேல்நோக்கியும் பின்நோக்கியும் மடங்கும்படி ஸ்பிரிங்கோடு மாட்டியிருக்கும். வளைவில் சாயும்போது முனை தரையைத் தொட்டால் அது மடங்கி வழிவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. கட்டையைப் பிடிக்கும் காது உடைந்த பிராக்கெட்டில் அந்தக் கட்டையை நேராக வைத்து அசையாமல் பற்றவைத்துவிட்டால், அதே வளைவில் அந்த முனை தரையில் ஊன்றி, பின் சக்கரத்தை ரோட்டிலிருந்து தூக்கிவிடும். காது நன்றாக இருந்து, கட்டையைப் பிடிக்கும் ஊசி (பின்) மட்டும் தொலைந்திருந்தால், அந்த ஊசியின் தடிமனைப் பொறுத்து அதே அளவு 8.8 போல்ட்டும் நைலான் பூட்டு நட்டும் தற்காலிகமாகப் போடலாம். போல்ட்டின் மரையில்லாத பகுதிதான் இரண்டு காதுக்குள்ளும் இருக்க வேண்டும். நட்டு காதுகளை நசுக்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது. ஆணியும் கட்டுக்கம்பியும் வேண்டவே வேண்டாம்.

நடுவழியில் வலது பிராக்கெட் உடைந்து பெடல் தொங்கினால் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். 125 சிசி வரையிலான வண்டிகள் பலவற்றில் இருக்கும் இணைந்த பிரேக்கில் அந்தப் பெடல்தான் முன் பிரேக்கையும் சேர்த்து இயக்குகிறது. கைப்பிடி பிரேக்கை மட்டும் நம்பி ஈர ரோட்டில் வந்தால் முன் சக்கரம் வழுக்கும். விழுந்து ஆகும் செலவைவிட லோடு ஆட்டோ வாடகை குறைவு.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 123-ஆம் விதி, பின் இருக்கை உள்ள வண்டிக்குக் கைப்பிடி, கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட், ஆடை சிக்காமல் தடுக்கும் காப்பு மூன்றும் இருந்தாக வேண்டும் என்கிறது. 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வரும் வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரிகள், புகையையும் விளக்கையும் பார்ப்பது போல, பின் ஃபுட்ரெஸ்டை ஒருமுறை மிதித்துப் பார்த்தால் போதும், எத்தனையோ பழைய விரிசல்கள் அங்கேயே தெரிந்துவிடும். வண்டி தயாரிப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை: பிராக்கெட்டின் போல்ட் அளவையும் இறுக்கும் எண்ணையும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கையேட்டிலேயே அச்சிடுங்கள். இப்போது அது சர்வீஸ் மேனுவலில் மட்டும் இருப்பதால் தெருமுனைப் பட்டறைக்கு எட்டுவதில்லை. ஐ.டி.ஐ. பயிற்சியில் அலுமினியத்தையும் இரும்பையும் பிரித்தறிவதும், முறிந்த போல்ட் எடுப்பதும் செய்முறைத் தேர்வில் இடம்பெற்றால் நல்லது.

மாட்டி முடித்த பிறகு, டிரம் பிரேக் என்றால் பெடலுக்கு 20 முதல் 30 மி.மீ. சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். டிஸ்க் என்றால் முன்பு அளந்து வைத்த தள்ளுகோல் நீளம் அப்படியே இருக்க வேண்டும். அது நீண்டுவிட்டால் பிரேக் எப்போதும் லேசாகப் பிடித்தபடியே இருக்கும். டிஸ்க் சூடாகி, எண்ணெய் விரிந்து, சில கிலோமீட்டரில் சக்கரமே இறுகிவிடும். பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், பெடலை மெதுவாக அழுத்தும்போதே சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி ஒருமுறை ஸ்பேனர் வைத்துச் சோதிக்க வேண்டும். சைலன்சர் போல்ட்டையும் சேர்த்து.

இப்படிக்கு,
இருசக்கர வாகனப் பழுதுநீக்குநர் ஒருவர்,
ஈரோடு.